அண்ட்ரோமெடாவுக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம்

ஹரி பொட்டரின் ஏழாவது புத்தகத்தை ஒருவழியாக வாசித்து முடித்துவிட்டேன். உலகமே வாசித்து, அழுது, படமாகவும் பார்த்து, அலுத்துப்போய் வேறு கதைக்கு மாறிவிட்ட பிறகுதான் நான் வந்து நிற்கிறேன். முடிவு தெரியாதவர்கள் இன்னும் யாராவது மிச்சம் இருந்தால் இத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள். யார் செத்தார், யார் தப்பினார் என்பதெல்லாம் கீழே வருகிறது.

புத்தகம் வெளிவந்தது 2007 ஜூலை 21ஆம் திகதி. வெளிநாடுகளில் நள்ளிரவில் கடைவாசலில் வரிசையில் நின்று வாங்கினார்களாம். அந்த ஜூலையில், யாழ்ப்பாணத்துக்கும் எங்கள் வன்னிக்கும் இடையே முகமாலையில் ஏ9 பாதை போரால் மூடப்பட்டு ஒரு வருடம் ஆகப்போகிறது. எங்கள் பக்கத்திலும் வரிசைகள் இருந்தன, அவை வேறு சாமான்களுக்கு. போர் முடிந்து மீள்குடியேறிச் சில காலம் கழித்து, யாரோ ஒரு புண்ணியவான் எங்கள் சனசமூக நிலையத்துக்கு அனுப்பிய பெட்டியில் முதல் ஆறு புத்தகங்களும் இருந்தன. ஏழாவது இல்லை. கனடாவிலிருந்து மச்சாள் அதைக் கொண்டுவந்து தரும்வரை, முடிவை யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று காதைப் பொத்திக்கொண்டு திரிந்தேன். தருமபுரத்தில் அது பெரிய சிரமமில்லை. சொல்லித் தரவும் ஆளில்லை.

இந்த முடிவைப் பற்றி எல்லோரும் சொல்லும் குறை ஒன்றுதான்: பத்தொன்பது ஆண்டுகள் கழித்து ரயில் நிலையத்தில் எல்லோரும் பிள்ளை குட்டிகளோடு நின்று சிரிப்பது பழைய தமிழ்ப் படத்தின் ‘சுபம்’ போல இருக்கிறது என்பது. எனக்கு அந்தக் கோபம் இல்லை. நான் அழுததும் அங்கே அல்ல, அதற்கு முன்பே.

ஹரி படித்த மந்திரப் பள்ளியான ஹொக்வார்ட்ஸில் சண்டை உச்சத்தில் இருக்கும்போது வோல்டமோர்ட் தன் படைகளைப் பின்வாங்கச் சொல்கிறான். ஒரு மணி நேரம் தருகிறேன், செத்தவர்களை மரியாதையோடு எடுத்துக்கொள்ளுங்கள், காயப்பட்டவர்களுக்கு மருந்து கட்டுங்கள் என்கிறான். அவனுக்கு அதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஹரி தானாக நடந்து வந்து சரணடைய வேண்டும். இருந்தாலும் அந்த ஒரு மணி நேரம் கிடைக்கிறது. அவ்வளவு கொடியவன் என்று ஏழு புத்தகங்களாகச் சொல்லப்பட்ட ஒருவனிடமிருந்து கிடைக்கிறது. அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய்விட்டேன். போரின் கடைசி மாதங்களில் மாத்தளனில் என் அம்மாவைப் பங்கருக்குப் பக்கத்தில் மண் தள்ளி மூடியவர்களுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கவில்லை. அடையாளத்துக்கு ஒரு தடிகூட ஊன்றவில்லை. அந்த இடத்தை இன்று போய்த் தேடினால் எனக்குத் தெரியாது, அம்மம்மாவுக்கும் தெரியாது.

அந்த ஒரு மணி நேரத்தில் கதையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். செத்தவர்களைப் பெரிய மண்டபத்தில் வரிசையாகக் கிடத்துகிறார்கள். ஹரியின் தோழன் ரொனின் அண்ணன் ஃபிரெட்டைச் சுற்றி அவன் வீட்டார் முழுப்பேரும் நிற்கிறார்கள், இரட்டையனான ஜோர்ஜ் தலைமாட்டில் முழங்காலில் இருக்கிறான். ஹரியின் பக்கம் நின்ற கணவன் மனைவியான லூப்பினும் டொங்ஸும் நித்திரை கொள்வதைப் போலப் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிறார்கள். மாணவன் கொலின் கிரீவியை நெவிலும் ஒலிவர் வுட்டுமாகத் தூக்கி வருகிறார்கள், பிறகு வுட் தனியாகத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போகிறான். கொலின் வயது வராதவன். வயது வராதவர்கள் எல்லோரையும் சண்டைக்கு முன்பே வெளியே அனுப்பிவிட்டார்கள். வயது வந்தவர்களில் நிற்க விரும்பியவர்கள் மட்டும் நிற்கலாம் என்று ஆசிரியை மக்கொனகல் அம்மையார் சொல்லியிருந்தார். கொலின் களவாகத் திரும்பி வந்து செத்துப்போனான். செத்துக் கிடக்கும்போது மிகச் சிறியவனாகத் தெரிந்தான் என்று வருகிறது. வன்னியில் வயது வராத பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு யாரும் சண்டையைத் தொடங்கவில்லை. நிற்பதா, போவதா என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளையும் கேட்கவும் இல்லை. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும், பிள்ளையைக் கொடுத்த வீடுகளுக்கு அது தெரியும்.

இந்தக் கடைசிப் புத்தகம் முழுவதும் செத்தவர்களுக்கு ஓர் இடம் தேடிக்கொண்டே போகிறது. அடிமையாக இருந்து விடுதலையான குட்டிப் பூதம் டொபி செத்ததும் ஹரி மந்திரக்கோலைத் தொடாமல், மண்வெட்டி எடுத்துத் தன் கையால் குழி தோண்டுகிறான். வியர்த்து, கை கொப்பளித்துத் தோண்டுகிறான். தலைமாட்டில் ஒரு கல் வைத்து, அதில் டொபியின் பெயரையும் அவன் சுதந்திரமானவன் என்பதையும் எழுதுகிறான். ஹரியின் பக்கம் நின்று செத்த மூடி என்ற மந்திரவாதியின் உடல் கிடைக்கவேயில்லை. தேடப் போனவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். பிறகு அவருடைய மந்திரக் கண்ணை எதிரியின் அலுவலகக் கதவிலிருந்து ஹரி பிடுங்கி வந்து, காட்டில் இருந்த மிகப் பழைய மரத்தின் கீழ் புதைத்து, மரத்தில் ஒரு சிறிய சிலுவையைக் கீறிவிடுகிறான். ஓர் உடலுக்குப் பதிலாக ஒரு கண். அப்பா எங்கே என்று இன்றுவரை தெரியாத எனக்கு, இதை எழுதியவர் எங்கள் வீட்டு அலுமாரியைத் திறந்து பார்த்தாரோ என்று தோன்றியது. அதற்குள் அப்பாவின் ஒரு சேட்டும் அடையாள அட்டையின் பிரதியும்தான் இருக்கின்றன.

ஹரியின் தாய் தகப்பன் செத்த வீட்டை இடிந்தபடியே நினைவாக விட்டுவைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் அங்கே பலகையில் ஏதேதோ கிறுக்கிவிட்டுப் போகிறார்கள். பலகையைப் பாழாக்கிவிட்டார்களே என்று ஹரியின் தோழி ஹெர்மயனி கோபப்பட, ஹரிக்கோ அது சந்தோஷமாக இருக்கிறது. போராளிகளைப் புதைத்த கனகபுரம் துயிலுமில்லத்தில் இருந்த கல்லறைகளைப் புல்டோசரால் உடைத்ததைப் பார்த்த ஊர்க்காரருக்கு ஹரியின் சந்தோஷம் விளங்கும்.

இனி அண்ட்ரோமெடாவுக்கு வருகிறேன். படம் மட்டும் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயரே தெரிந்திருக்காது. டொங்ஸின் தாய். கணவன் டெட், சண்டைக்குச் சில வாரங்கள் முன்பு, ஒளிந்து திரிந்த இடத்தில் கொல்லப்படுகிறார். பிறகு, 1998 மே 2ஆம் திகதி, ஒரே இரவில் மகளும் மருமகனும் போய்விடுகிறார்கள். அன்று விடியும்போது, எதிர்ப்பக்கத்தில் நின்ற கூடப்பிறந்த அக்கா பெலட்ரிக்ஸும் சாகிறாள். அந்த அக்காவுக்காக அவள் எங்கே போய் அழுவது? மிஞ்சியது பிறந்து சில வாரமே ஆன பேரன் டெடி. புருஷனுக்கு என்ன ஆயிற்றோ என்று தெரியாமல் வீட்டில் இருக்க முடியவில்லை என்று, குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு ஓடி வந்தவள் டொங்ஸ்.

லூப்பினும் டொங்ஸும் முதலில் சாவதாக இல்லையாம். ரொனின் தகப்பன் ஆர்தரைத்தான் ஐந்தாவது புத்தகத்தில் கொல்வதாக இருந்து, பிறகு மனம் வராமல் விட்டுவிட்டதாக இதை எழுதிய ரோலிங்கே சொல்லியிருக்கிறார். அதற்கு ஈடாகப் போனவர்கள் இவர்கள். தாய் தகப்பன் இல்லாத ஹரியில் தொடங்கிய கதை, அதே போல இன்னொரு குழந்தையில் வந்து நிற்க வேண்டும் என்பது அவர் எண்ணம். கதை கட்டுகிறவரின் கணக்கு அது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் குழந்தையை யார் வளர்த்தது? ஒரு வரி இல்லை. பத்தொன்பது ஆண்டுகளை ஒரு பக்கத்தைத் திருப்பிக் கடந்துவிட்டார். ரயில் நிலையத்தில் டெடி வளர்ந்த இளைஞனாக நிற்கிறான், ஒரு பெண்ணை முத்தமிடுகிறான், எல்லோருக்கும் சந்தோஷம். அண்ட்ரோமெடாவின் பெயர்கூட அந்த அத்தியாயத்தில் வரவில்லை.

வன்னியில் இந்தப் பத்தொன்பது ஆண்டுகளைத்தான் நாங்கள் வாழ்ந்துகொண்டிருக்கிறோம். போர் முடிந்து எங்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் தண்ணீர் வரிசையில் என்னைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர் அம்மம்மா. வந்த காணியில் பற்றையை வெட்டியவர், தகரக் கொட்டிலுக்குள் என்னைப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கச் சொல்லி அதட்டியவர், பிள்ளையின் பதிவுகளுக்காகக் கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் ஏறி இறங்கியவர் எல்லாம் அவர்தான். கதையின் கணக்குப்படி அந்த ரயில் நிலையக் காட்சி 2017 செப்டெம்பர் 1ஆம் திகதி நடக்கிறது. அதே ஆண்டு பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் உட்கார்ந்துவிட்டார்கள். டெடி பிளட்ஃபோர்மில் நின்ற அந்த நாளில் அம்மம்மா அங்கே மருமகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்திருப்பார்.

ரயிலைப் பற்றியும் ஒன்று. ஹொக்வார்ட்ஸுக்கு ரயில் புறப்படும் ஒன்பதே முக்காலாம் பிளட்ஃபோர்ம் எல்லோருக்கும் மாயம். எனக்குப் பிளட்ஃபோர்ம் என்பதே மாயம்தான். தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர்களுக்குள் போய்விட்ட ஊரில் பிறந்தவன் நான். 2013இல் கிளிநொச்சிக்கு மறுபடி ரயில் வந்தபோது கிழவர்கள் அழுதார்கள், நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். அதனால் ரயிலில் பிள்ளைகளை ஏற்றி அனுப்பும் முடிவை என்னால் கேலி செய்ய முடியாது. நெற்றித் தழும்பு பத்தொன்பது ஆண்டுகளாக நோகவில்லை என்று ஹரி சொன்னால் சந்தோஷம்தான். ஜோர்ஜிடமும் அதைக் கேட்டிருக்கலாம். அவன் அந்தக் காட்சியில் இல்லை.

ரோலிங் மே 2ஆம் திகதிகளில் தான் கொன்ற பாத்திரங்களுக்காக மன்னிப்புக் கேட்டிருக்கிறார்: 2015இல் ஃபிரெட்டுக்காக, 2016இல் லூப்பினுக்காக. விளையாட்டாகத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கும் ஒவ்வோர் ஆண்டும் ஒரு மே மாதம் வருகிறது. முள்ளிவாய்க்காலில் செத்தவர்களின் நினைவாகக் கஞ்சி காய்ச்சுவதற்கே தடையுத்தரவு கொண்டுவந்த ஆண்டுகளும் உண்டு.

கதை முழுவதையும் அம்மம்மாவுக்குச் சொன்னேன். சுளகில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டார். மந்திரக்கோல், பறக்கும் விளக்குமாறு எதிலும் அவருக்கு அக்கறை இல்லை. டெடி கிழமைக்கு நான்கு தரம் ஹரி வீட்டுக்குச் சாப்பிட வருவான் என்ற இடத்தில்தான் கையை நிறுத்தினார்.

“மிச்சம் மூன்று நாளும்?”

“அதைப் பற்றி எழுதவில்லை, அம்மம்மா.”

“அந்த மனுசி உயிரோடு இருக்கிறாளா?”

“அதுவும் எழுதவில்லை.”

“ஏழு புத்தகம் எழுதினவளுக்கு இதை எழுதக் கடதாசி இல்லாமல் போய்விட்டதா, மோனை?” என்று கேட்டுவிட்டு மறுபடி புடைக்கத் தொடங்கினார்.