பத்தாம் வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள்

உங்கள் கட்டுரையில், ஆண்டு முடிவில் நம்பிக்கை தரும் பைபிள் வசனமாக எரேமியா 29:11-ஐ எடுத்திருக்கிறீர்கள்; நல்ல எதிர்காலம் தருவேன் என்று கடவுள் சொல்லும் வசனம், நல்லது. ஆனால் பத்தாம் வசனத்தைத் தொடவே இல்லையே? பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட யூதர்களிடம், அங்கே 70 வருஷம் முடிந்த பிறகுதான் ஊர் திரும்புவீர்கள் என்கிறது அது. எரேமியா தீர்க்கதரிசி அவர்களுக்கு எழுதிய அந்தக் கடிதத்தைக் கேட்டவர்களில் பலர் அந்த நாளைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற பொய்த் தீர்க்கதரிசி இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்றான். கேட்க இனிப்பாகத்தான் இருந்திருக்கும். எரேமியாவோ வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள் என்று எழுதுகிறார். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் புது வருஷத்துக்கான வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையை எடுக்கும்போது நம் மனதில் ஓடுவது அனனியாவின் கணக்குதான், ஜனவரியிலேயே நடந்துவிட வேண்டும்! இந்த வருஷமும் வேலையோ குழந்தையோ கிடைக்காதவர்களுக்கு, எனக்கென்னவோ, பத்தாம் வசனம்தான் கூடுதல் ஆறுதல். அடுத்த கட்டுரையில் அதையும் எழுதுங்கள்.