தண்ணீர் குடிக்காமல் பந்தயத்துக்குப் போகும் மகள்

போன ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை மூன்றரை மணிக்கு பெங்களூரு அல்சூரிலிருந்து இரண்டு கார்களில் கிளம்பினோம். ஒன்றில் நான், கணவர், மாமியார், பதினாறு வயது மகள். இன்னொன்றில் நாத்தனார் குடும்பமும், மகளின் தோழியும் அவள் அம்மாவும். கார்களின் பின்னால் இரண்டு சைக்கிள்கள், தூக்குகளில் பொடி தடவிய இட்லியும் எலுமிச்சைச் சாதமும். நந்தி மலைப் பக்கம் நடக்கும் சைக்கிள் பந்தயத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப்போவது இரண்டு வருடங்களாக எங்கள் வழக்கம். ஹெப்பாள் மேம்பாலம் தாண்டியதும் மாமியார் தூங்கிவிடுவார், விமான நிலையச் சாலை டோல் வந்ததும் விழித்துக்கொள்வார். எனக்கு அந்தப் பயணம் அவ்வளவு பிடிக்கும்.

அன்று அந்த டோல் அருகில்தான் மகளின் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தேன். ராத்திரி நான் நிரப்பி வைத்தது அப்படியே இருந்தது. "ஏன் குடிக்கவில்லை?" என்றேன். "அங்கே கழிப்பறை இருக்காதே அம்மா. நேற்று எட்டு மணிக்கே நிறுத்திவிட்டேன்" என்றாள். இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்ற குரலில் சொன்னாள். என் வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

வெயிலில் ஒரு மணி நேரம் வேகமாக மிதித்தால் அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை தண்ணீர் உள்ளே போக வேண்டும். முந்தின நாளிலிருந்தே குடித்துவர வேண்டும். பயிற்சியாளர் ஒவ்வொரு வாரமும் இதைத்தான் சொல்கிறார். என் மகளுக்கும் தெரியும். தெரிந்தும் வறண்ட உடம்போடு 40 கிலோமீட்டர் ஓட்டப் போகிறாள். காரணம், பந்தயம் நடத்துகிறவர்கள் ஒரு கழிப்பறைக்கு ஏற்பாடு செய்யவில்லை.

மைதானத்தில் அவர்கள் எதற்கெல்லாம் ஏற்பாடு செய்திருந்தார்கள் என்று சொல்கிறேன். காற்றடைத்த பெரிய வளைவு, ஒலிபெருக்கி, மூன்று படி வைத்த பரிசு மேடை, வண்ணப் பதாகைகள், ஒவ்வொரு சைக்கிளுக்கும் நேரம் கணக்கிடும் சிப். நுழைவுக் கட்டணம் 1,500 ரூபாய். ஆனால் பெண்கள் ஒதுங்க நான்கு பக்கம் மறைத்த ஓர் இடம் கிடையாது.

ஆண்கள் ஒரு சுவரைப் பார்த்து நின்றுகொள்கிறார்கள். அதுவும் யாரோ ஒரு விவசாயியின் திராட்சைத் தோட்டத்துச் சுவர். அவர் வந்து சத்தம் போட்டார், அவர் கோபத்தில் முழு நியாயம் இருக்கிறது. பெண்கள் புதருக்குப் பின்னால் போகலாமே என்று சொல்கிறவர்கள் பந்தய உடையைப் பார்த்ததில்லை. அந்தக் கால்சட்டைக்குத் தோளோடு மாட்டும் பட்டைகள் உண்டு. அதைக் கழற்ற முதலில் மேல் சட்டையைக் கழற்ற வேண்டும். பதினாறு வயதுப் பெண் திறந்த வெளியில், இருநூறு ஆண்கள் நிற்கும் சாலையோரத்தில் அதைச் செய்ய வேண்டுமா? மகளின் தோழிக்கு அன்று மாதவிலக்கு. காரின் பின்சீட்டில், நானும் அவள் அம்மாவும் இரண்டு பக்கமும் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு நிற்க, குனிந்தபடி நாப்கின் மாற்றினாள். வெளியே வந்தபோது அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மாமியாருக்குச் சர்க்கரை. அவரால் அடக்க முடியாது. நெடுஞ்சாலையோரம் பெட்ரோல் பங்கு இருக்கிறது என்று கூட்டிப்போனேன். கதவில் பூட்டுத் தொங்கியது. சாவி மேலாளரிடம், மேலாளர் எட்டு மணிக்குமேல் வருவார் என்றார்கள். வாடிக்கையாளருக்குக் காற்றும் குடிநீரும் கழிப்பறையும் இலவசமாகத் தர வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்கள் பங்குகளுக்கு வைத்திருக்கும் விதி. அதையும் சொல்லிப் பார்த்தேன். பையன் தோளைக் குலுக்கினான்.

கடைசியில் கைகொடுத்தது ஊருக்குள் ஒரு வீடு. வாசல் தெளித்துக்கொண்டிருந்த அம்மா மாமியாரின் நிலையைப் பார்த்ததும் கன்னடத்தில் ஏதோ சொல்லி, கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனார். கொல்லையில் சிறிய கழிப்பறை. தூய்மை இந்தியா திட்டத்தில் 12,000 ரூபாய் அரசு மானியம் வாங்கிக் கட்டியது என்றார். மாமியார் அவரை வணங்கிவிட்டு வந்தார். அந்தத் தொகையை எட்டுப் பேரின் நுழைவுக் கட்டணமே தந்துவிடும் என்று மனம் கணக்குப் போட்டது.

நான் நேராகப் பந்தய மேசைக்குப் போனேன். பொறுப்பாளர் மரியாதையாகத்தான் பேசினார். "பெண்கள் மொத்தமே பதினோரு பேர்தானே மேடம், அதற்காகத் தனியாக எப்படி ஏற்பாடு செய்வது?" என்றார்.

பதினோரு பேர். சைக்கிள் ஓட்டுகிறவர்களை மட்டும்தான் அவர் எண்ணியிருக்கிறார். சாலையோரம் நின்ற அம்மாக்கள், பாட்டிகள், கணவனுக்கு வாழைப்பழம் நீட்டக் காத்திருந்த மனைவிகள், அக்கா தங்கைகள் யாரும் அந்தக் கணக்கில் இல்லை. நான் நின்று எண்ணினேன், நாற்பதுக்கு மேல் வந்தது. அவர் பக்கத்திலேயே நான்கரை மணியிலிருந்து எண் அட்டை கொடுத்துக்கொண்டிருந்த கல்லூரிப் பெண்ணும் அதில் ஒருத்தி. அவளும் தண்ணீர் குடிக்கவில்லை. கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். இந்தப் பந்தயங்களில் சம்பளத்துக்கு ஓட்டுகிறவர் யாருமில்லை. குடும்பம் விடியற்காலையில் எழுந்து, சமைத்து, காரோட்டிக் கொண்டுவந்து சேர்ப்பதால்தான் இவை நடக்கின்றன.

பெண்கள் குறைவு என்பதால் கழிப்பறை இல்லை என்கிறார்கள். போன வருடம் எங்களோடு இன்னும் மூன்று பெண் பிள்ளைகள் வந்தார்கள். இரண்டு பந்தயத்தோடு நின்றுவிட்டார்கள். அந்த அம்மாக்கள் என்னிடம் சொன்ன காரணம் இது ஒன்றுதான். ஒலிம்பிக்கில் ஆண்களுக்குச் சைக்கிள் பந்தயம் 1896-லேயே வந்துவிட்டது. பெண்களுக்கு வர 1984 ஆனது. 88 வருடம் காத்திருந்து கிடைத்த சாலையில் எங்கள் பிள்ளைகள் ஓட்டுகிறார்கள். அவர்களைத் தாகத்தோடு ஓட்டவிடுவதா?

எட்டரைக்கு என்று போட்டிருந்த பெண்கள் பந்தயம் 9.40-க்குத்தான் தொடங்கியது. ஆண்கள் பிரிவு முடியத் தாமதமாம். அந்த வெயிலில், முப்பதாவது கிலோமீட்டரில், மகளுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. தண்ணீர் குறைவும் அதற்குக் காரணம் என்றார் பயிற்சியாளர். மூன்றாவதாக வந்துகொண்டிருந்தவள் எட்டாவதாக முடித்தாள். எல்லைக் கோட்டைத் தாண்டியதும் ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். அரை மணி நேரம் கழித்து, "அம்மா, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாமா?" என்றாள். நண்பர்கள் பரிசளிப்புக்கு நின்றார்கள், நாங்கள் கிளம்பிவிட்டோம்.

கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் நடமாடும் கழிப்பறை வாடகைக்குக் கிடைக்கும் ஊர் இது. அது வேண்டாமென்றால் முந்தின நாளே பஞ்சாயத்தில் பேசி, கிராமத்துப் பள்ளியின் சாவியை வாங்கலாம். நன்றிக்குப் பள்ளிக்கு ஏதாவது செய்துவிட்டு வரலாம்.

அடுத்த பந்தயம் மூன்று வாரத்தில். பதிவுப் படிவத்தில் ரத்த வகை கேட்டிருக்கிறார்கள், சட்டையின் அளவு கேட்டிருக்கிறார்கள். பெண்களுக்கான கழிப்பறை எங்கே இருக்கும் என்று நான் கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை. வரும்வரை பணம் கட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மகள் இரண்டு நாட்களாக என்னோடு பேசவில்லை. "நான்தான் குடிக்காமல் சமாளித்துக்கொள்கிறேனே" என்பது அவள் வாதம். அந்த ஒரு சொல்லுக்காகவே நான் கட்டமாட்டேன்.