கலிலியோவை உள்ளே தள்ளாமல் விடமாட்டீர்களா?

கலிலியோ சிறையில் வாடிச் செத்தார் என்று சொன்ன ஒரு காணொளிக்குக் கீழே நான் போட்டது ஒரே வரி: "கலிலியோ சிறையில் வாடிச் சாகவில்லை." காலையில் எழுந்து பார்த்தால் நான் பாதிரிகளின் கைக்கூலி. கூலி இன்னும் வந்து சேரவில்லை.

பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று எழுதியதற்காக 1633ல் ரோமில் திருச்சபையின் தீர்ப்பு சிறை என்றுதான் வந்தது. சில நாட்களிலேயே அது வீட்டுக்காவல் ஆனது. முதலில் சியெனா பேராயரின் மாளிகை, அப்புறம் பிளாரன்ஸ் பக்கத்தில் ஆர்செத்ரியில் சொந்த வீடு. 1642ல் அங்கேதான் இறந்தார். மண்டியிட வைத்தார்கள், நூலைத் தடை செய்தார்கள். அது அநியாயம் இல்லை என்றா சொன்னேன்? சிறையில் சாகவில்லை என்றுதானே சொன்னேன்?

அறிவியல் வரலாற்றாசிரியர் ரொனால்ட் நம்பர்ஸ் தொகுத்து ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2009ல் வெளியிட்ட நூல், அறிவியலும் மதமும் பற்றிய 25 கட்டுக்கதைகளை உடைக்கிறது. இந்தச் சிறைக் கதை அதன் தலைப்பிலேயே இருக்கிறது. டார்வின் மரணப் படுக்கையில் மனம் திரும்பினார் என்று பக்திமான்கள் விட்ட கதையையும் அதே நூல்தான் உடைக்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் கைதட்டிப் படிப்பீர்கள்.

"மத ஆள், அப்படித்தான் எழுதுவார்" என்கிறார் ஒருவர். ஐயா, நம்பர்ஸ் அட்வென்டிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபையின் போதகர் ஒருவரின் மகன்தான். சபையின் கல்வி நிறுவனத்தில்தான் வேலை. சபையின் தாய் எலன் ஒயிட் தரிசனத்தில் பெற்றதாகச் சொன்ன உடல்நலப் போதனைகள், அந்தக் காலத்துச் சீர்திருத்தக்காரர்கள் ஏற்கெனவே எழுதியவற்றை ஒத்திருப்பதைக் காட்டினார். அதைச் சொல்லும் அவருடைய நூல் 1976ல் வருவதற்குள் வேலை போயிருந்தது. நம்பிக்கையும் போனது. 2023ல் இறந்த அந்த மனிதர் கடவுள் விஷயத்தில் "தெரியாது" என்ற கட்சி. இவரா மத ஆள்?

"தத்துவவாதி புருனோவைத் திருச்சபை எரித்ததே?" எரித்தார்கள், 1600ல். அது வேறு வழக்கு.

ஏழாம் வகுப்புப் பேச்சுப்போட்டியில் கலிலியோவை நானும் இருட்டறையில் எலிகளோடு படுக்க வைத்தேன். எலிகள் என் சொந்தச் சரக்கு. முதல் பரிசாக எவர்சில்வர் டம்ளர் கிடைத்தது, விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டி. இன்றும் காபி அதில்தான். அந்த வயதில் பொய் சொன்னேன், கைதட்டினார்கள். நாற்பத்தைந்து வயதில் திருத்தினால் "சங்கியாகிவிட்டான்" என்கிறார்கள்.

"உண்மைதான், ஆனால் இப்போது சொல்லணுமா?" வேறு எப்போது? பஞ்சாங்கம் பார்த்துச் சொல்லட்டுமா?

நேற்று இரவு பதினோரு மணிக்கு மூத்த தோழர் ஒருவர் போன் செய்து, "உடம்பு கிடம்பு சரியில்லையாப்பா?" என்றார். நன்றாகத்தான் இருக்கிறேன் தோழர். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு நான் வரலாமா கூடாதா, அதை மட்டும் சொல்லுங்கள்.