அட்லஸில் மஞ்சள், மேசையில் எல்லாம் ஒரே பழுப்பு

தமனிக்குச் சிவப்பு, சிரைக்கு நீலம், நரம்புக்கு மஞ்சள். உடலின் உள்பாகங்களைப் படமாகக் காட்டும் உடற்கூறியல் அட்லஸில் இந்த வண்ணங்களை முதன்முதலில் பூசிய புண்ணியவானை, இறந்த உடலை அறுத்துப் படிக்கும் டிசெக்‌ஷன் மேசை முன்னால் நிறுத்தி, "எங்கே, இதில் மஞ்சளைக் காட்டுங்கள் பார்ப்போம்" என்று கேட்க வேண்டும் போலிருக்கிறது. காட்டுவார், சந்தேகமே இல்லை. ஆனால் அது கொழுப்பாக இருக்கும். கெடாமலிருக்க ஃபார்மலின் ஏற்றிய உடலில் மஞ்சளாகக் கண்ணில் படுவது அது ஒன்றுதான். மற்றபடி தமனி, சிரை, நரம்பு, தசையை எலும்போடு கட்டும் தசைநாண், அவற்றைச் சுற்றி ஒட்டிக் கிடக்கும் சவ்வு எல்லாம் தண்ணீரில் ஊறிய பழைய கயிறு மாதிரி ஒரே பழுப்பு.

சரி, படிப்பவர்களின் வசதிக்காகத்தான் வண்ணம் பூசினார்கள், புரிகிறது. வண்ணத்தை நம்பிப் படிக்கவிட்டு, பரீட்சையன்று வண்ணமே இல்லாத ஒன்றில் பின்னைக் குத்தி "இது என்ன, எழுது" என்று மணியடிக்கிறார்களே, அங்கேதான் வயிறு எரிகிறது. எப்படி அடையாளம் காண்பது என்று நடுவில் ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை. போய்க் கேட்டால் "அட்லஸை நன்றாகப் பார், தானாக வரும்" என்பார்கள். அட்லஸைப் பார்த்துத்தானே இந்தக் கதி!

சொல்வதற்கு விஷயமா இல்லை? தமனியின் சுவர் தடிப்பானது, வெட்டிய முனை வட்டமாக வாய் திறந்தபடியே நிற்கும். சிரையின் சுவர் மெலிது, உள்ளே ஒன்றும் இல்லையென்றால் தட்டையாகப் படுத்துவிடும். பல நேரம் உறைந்துபோன கறுப்பு ரத்தம் உள்ளே அடைத்திருக்கும். நரம்பில் துளையே கிடையாது. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டினால் கெட்டியாக உருளும், வெட்டுமுனையை உற்றுப் பார்த்தால் உள்ளே சின்னச் சின்னக் கற்றைகள் தெரியும். கண்ணை விட விரல்தான் இதில் உதவும். முதல் நாளே ஐந்து நிமிடம் ஒதுக்கி, கையுறை போட்ட கையைப் பிடித்து உருட்டிக் காட்டினால் முடிந்தது. அந்த ஐந்து நிமிடத்துக்குத்தான் நேரம் இல்லையாம்.

தசைநாண் விஷயம் இன்னும் மோசம். கெண்டைக்காலில் தசைகளுக்கு நடுவே நீளமாக, மெல்லிசாக இறங்கும் பிளாண்டாரிஸ் தசைநாணை நரம்பு என்று எழுதாத மாணவர்கள் குறைவு. அதற்கு ஆங்கிலத்தில் "முதலாண்டு மாணவனின் நரம்பு" என்றே ஒரு கிண்டல் பெயர் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக எல்லோரும் இதே இடத்தில் சறுக்குகிறார்கள் என்று தெரிந்து, பெயரும் வைத்துச் சிரித்துவிட்டு, கற்றுக்கொடுக்கும் விதத்தை மட்டும் தொடவில்லை பாருங்கள். அதை மேலே தேடிப் போனால் முழங்காலுக்குப் பின்னால் ஒரு குட்டித் தசையில் போய்ச் சேரும், குட்டு வெளிப்பட்டுவிடும். ஆனால் பரீட்சையில் மேலே தேடிப் போக விட்டால்தானே!

ஆமாம், பரீட்சையன்று உடலின் மேல் போர்த்தும் அந்தத் துணி. அதைப் பற்றித்தான் குமுறியாக வேண்டும். உடல் முழுக்க மூடிவிட்டு, உள்ளங்கை அளவுக்கு ஒரு ஜன்னல் திறந்து வைத்திருப்பார்கள். ஒரு ரத்தக்குழாயோ நரம்போ எங்கிருந்து வருகிறது, எதன் மேல் ஏறுகிறது, எதைத் துளைக்கிறது, இதை வைத்துத்தான் பெயரே சொல்ல முடியும். தோள்பட்டையிலிருந்து கை வரை ஓடுவது ஒரே குழாய்தான். முதல் விலா எலும்பின் வெளி ஓரம் வரை அது சப்கிளேவியன், அங்கிருந்து ஆக்ஸிலரி, டெரிஸ் மேஜர் தசையின் கீழ் ஓரத்தைத் தாண்டினால் பிரேக்கியல். விலாவையும் தசையையும் துணிக்குள் ஒளித்துவிட்டு, நடுவில் இரண்டு அங்குலத்தைக் காட்டிப் பெயர் கேட்டால் அது பரீட்சையா, ஜோசியமா?

அக்குளில் இருக்கும் பிரேக்கியல் பிளெக்ஸஸ் என்ற நரம்புப் பின்னலும் அப்படித்தான். கழுத்திலிருந்து வரும் சி5 முதல் டி1 வரையான தண்டுவட நரம்பு வேர்கள் சேர்ந்து, பிரிந்து, மறுபடி சேர்ந்து கைக்குப் போகின்றன. கோராகோபிரேக்கியாலிஸ் தசையைத் துளைத்துக்கொண்டு போகும் மஸ்குலோகியூட்டேனியஸ் நரம்பை முதலில் பிடித்துவிட்டால், அதிலிருந்து மீடியன், அப்புறம் அல்நார் என்று தமனிக்கு முன்னால் ஒரு ஆங்கில எம் எழுத்து கிடைக்கும். அழகான வழி. ஆனால் சிலருக்கு அந்த நரம்பு தசையைத் துளைக்காமலே போகிறது. சிலருக்கு பிரேக்கியல் தமனி முழங்கை மடிப்பு வரை காத்திராமல் மேல்கையிலேயே இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. மேசையில் இருப்பவர் புத்தகத்தைப் படித்துவிட்டா பிறந்தார்? விடைத்தாளில் மட்டும் புத்தக உடல்தான் சரி.

சிரைகளுக்கு நடப்பது தனிக் கொடுமை. இடத்தைச் சுத்தம் செய்யக் தமனியோடு கூடவரும் சிறு சிரைகளை வெட்டி எடுத்துவிடுங்கள் என்று செய்முறையிலேயே சொல்கிறார்கள். வெட்டுகிறோம். பிறகு வைவா என்ற வாய்மொழித் தேர்வில் "சிரை எங்கே போயிற்று?" என்று ஒரு முறைப்பு.

தொடையின் மேல்பகுதி எளிது என்பார்கள்: வெளியிலிருந்து உள்ளே நரம்பு, தமனி, சிரை. அட்லஸில் அந்தத் தொடை நரம்பு, ஃபெமோரல் நரம்பு, தடிமனான மஞ்சள் வடமாக நிற்கும். நிஜத்தில் இடுப்பு மடிப்பிலுள்ள இங்குவினல் லிகமெண்ட் என்ற தசைநாருக்குக் கீழே கொஞ்ச தூரத்திலேயே அது கிளைகளாகச் சிதறிவிடுவதால், கையில் சிக்குவது ஒரு கொத்து நார். தடி வடத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிடும்.

மதிப்பெண் போனால் போகட்டும் என்று விட முடியவில்லை. மணிக்கட்டில் பால்மாரிஸ் லாங்கஸ் தசைநாணும் அதற்குக் கீழே மீடியன் நரம்பும் ஒன்றையொன்று ஒட்டி இருக்கின்றன. அந்தத் தசைநாண் சிலருக்குப் பிறவியிலேயே இல்லை. வேறிடத்தில் ஒட்டுவதற்காக அதை எடுக்கப் போய், மீடியன் நரம்பையே அறுத்தெடுத்துவிட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. கட்டைவிரலிலிருந்து மோதிரவிரலின் பாதி வரை உணர்வு போச்சு, கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்துப் பிடிக்கும் திறனும் போச்சு. உயிருள்ள உடலில் தமனி துடித்துக் காட்டிக்கொடுக்கும், சிரை அழுத்தினால் அமுங்கும். நரம்புக்கும் தசைநாணுக்கும் அந்த உதவிகூட இல்லை.

ஆகவே பரீட்சையில் பின்னைக் குத்தும் பெரியவர்களே, துணியை இன்னும் ஒரு சாண் விலக்கி வையுங்கள். பக்கத்தில் ஒரு ஜோடி கையுறையும் வையுங்கள். தொட்டுப் பார்த்துச் சொல்கிறோம்.