பெருவுடையார் கோயிலை மர்மம் என்று சொல்லாதீர்கள்

தஞ்சைப் பெருவுடையார் கோயில் ஒரு மர்மம் என்று சொல்லி, இரண்டு நாள்களாக எல்லோரும் பகிர்ந்துவரும் காணொளியைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால், எண்பது டன் ஒற்றைக் கல்லை 216 அடி உயரத்துக்கு மனிதர்கள் ஏற்றியிருக்கவே முடியாது என்ற பேச்சுக்கு ஆசிரியர்கள்கூடக் கைதட்டுவதைப் பார்த்தபின் பேசாமல் இருக்க முடியவில்லை.

உச்சியில் இருக்கும் அந்தச் சிகரம் ஒற்றைக் கல் அன்று. பல கற்களை இணைத்துச் செய்தது. கருவறைக்கு மேலுள்ள கோபுரமான விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பதும் பொய். மாலையில் அங்கே நின்றவர்களுக்குத் தெரியும். கட்டியவர் யார் என்பது ஒரு காலத்தில் தெரியாமல்தான் இருந்தது, கரிகாலன் என்றுகூடச் சொன்னார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல்வெட்டு ஆய்வாளர் ஹுல்ஷ் கோயில் கல்வெட்டுகளைப் படித்ததும் அந்தக் கேள்வி முடிந்தது. "நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லிலே வெட்டச் சொன்ன ராஜராஜன், கோயில் பணிக்கு அமர்த்திய ஆடல் மகளிரான 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களையும் வீட்டு வரிசையோடு வெட்டுவித்தான். கோயிலைக் கட்டிய தலைமைத் தச்சர் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சனின் பெயரும் அங்கே இருக்கிறது. இத்தனை பெயர்களைச் சுவரில் வைத்துக்கொண்டு மர்மம் என்பது அவர்களை இரண்டாம் முறை புதைப்பதாகும்.

என் தாய்மாமன் கல்லுடைப்பவர். கோடு போட்டு வரிசையாகக் குழி வெட்டி, ஆப்புகளை இறக்கி, ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வருவார். ஓசை மாறியதும் எங்களை விலகச் சொல்வார், பாறை அந்தக் கோட்டிலேயே பிளக்கும். அவருடைய விரல்கள் கடைசிவரை முழுதாக மடங்கவில்லை. மனிதரால் முடியாது என்று கேட்கும்போது எனக்கு அந்தக் கைதான் நினைவுக்கு வருகிறது.

ஆர்வத்தைத் தூண்டத்தானே என்பீர்கள். பொய்யைச் சொல்லித்தான் தூண்ட வேண்டுமா? கல்லை எப்படி மேலே ஏற்றினார்கள் என்று கல்வெட்டு சொல்லவில்லையே என்று கேட்பது நியாயம். சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து கோயில் உச்சிவரை சாரம் அமைத்தார்கள் என்பது செவிவழிச் செய்திதான், ஒப்புக்கொள்கிறேன். வழிமுறை எழுதப்படவில்லை என்பதால் செய்தவர்கள் மனிதர்களே இல்லை என்று ஆகிவிடுமா?

தமிழர் பெருமையை நான் குறைப்பதாக உறவினர் ஒருவரே எழுதியிருக்கிறார். மிகவும் வலித்தது. விடை தேட வேண்டிய உண்மையான கேள்வி அந்தக் கோயிலிலேயே இருக்கிறது. விமானத்தின் மேல்தளத்துச் சுவரில், கரணங்கள் எனப்படும் 108 நடன நிலைகளில் 81தான் செதுக்கப்பட்டுள்ளன, மீதிக் கற்கள் வெறுமையாகவே நிற்கின்றன. கல்லை முதலில் சுவரில் பதித்துப் பிறகுதான் செதுக்கினார்கள் என்பதை அவையே காட்டுகின்றன. அந்த வேலை ஏன் நின்றது என்று கேளுங்கள், எத்தனை நாள் வேண்டுமானாலும் உங்களோடு உட்கார்ந்து பேசுகிறேன்.