பாட்டிஸ்டுட்டா எதையும் வீணடிக்கவில்லை

இத்தாலியின் ஃபியோரெண்டினா கிளப்புக்கு ஆடிய அர்ஜென்டினா கால்பந்து வீரர் கேப்ரியல் பாட்டிஸ்டுட்டாவின் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார்: “ஒன்பது வருஷத்தை ஃபியோரெண்டினாவில் வீணடித்துவிட்டார். பெரிய கிளப்புக்குப் போயிருந்தால் கோப்பைகளாகக் குவித்திருப்பார்.” எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை.

1993 கோடையை நினைத்துப் பாருங்கள். ஃபியோரெண்டினா இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிட்டது. அதே கோடையில் தென் அமெரிக்க நாடுகளின் கோப்பையான கோபா அமெரிக்கா இறுதிப் போட்டியில் மெக்சிகோவுக்கு எதிராக அர்ஜென்டினா அடித்த இரண்டு கோலும் இவருடையவை. கிளம்பிப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இவர் தங்கினார். ஒரே வருஷத்தில் அணி மேலே வந்தது. மேலே வந்த சீசனில் முதல் 11 ஆட்டங்களிலும் விடாமல் கோல், மொத்தம் 26. அந்த வருஷம் இத்தாலியில் அவரைவிட அதிகம் அடித்தவர் இல்லை.

1999 அக்டோபரில் லண்டனின் வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்து கிளப்பான ஆர்சனலுக்கு எதிராக அடித்த கோலை இன்னும் பார்க்காதவர்கள் ஒருமுறை தேடிப் பாருங்கள். வலது ஓரத்தில் பந்து வருகிறது. ஒரே தட்டலில் ஆர்சனல் தடுப்பாட்டக்காரர் விண்டர்பர்னைத் தாண்டுகிறார். கோலுக்கான கோணமே அங்கே இல்லை. ஆனாலும் அடிக்கிறார், கோல்கீப்பர் சீமனின் தலைக்கு மேலே போய்த் தூர மூலையில் விழுகிறது பந்து. நான் எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கே இல்லை.

அந்த அடிகளுக்கெல்லாம் விலை கொடுத்தது அவருடைய கணுக்கால்கள். 2005-இல் ஓய்வு பெற்றதும் நடக்கவே முடியாமல் போனது. கழிப்பறை மூன்று மீட்டர் தள்ளித்தான் இருந்தது, ஆனால் காலை ஊன்ற முடியாமல் படுக்கையிலேயே சிறுநீர் கழித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். டாக்டரிடம் போய்க் கால்களை வெட்டிவிடச் சொன்னாராம். டாக்டர் மறுத்துவிட்டார். இவ்வளவு கொடுத்த மனிதரைப் பார்த்து ‘வீண்’ என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

சரி, லீக் பட்டம்தான் அளவுகோல் என்றால் அதுவும் அவரிடம் உண்டு. 2000-இல் இன்னொரு இத்தாலிய கிளப்பான ரோமாவுக்குப் போனார். 20 கோல் அடித்து, அடுத்த வருஷம் பட்டம் வென்றார். ஆனால் அந்த சீசனில் எனக்கு முக்கியமானது நவம்பரில் நடந்த ஒரே ஓர் ஆட்டம். எதிரில் ஃபியோரெண்டினா. ஆட்டம் முடியும் நேரத்தில் தூரத்திலிருந்து வாலி (பந்து தரையைத் தொடும் முன்பே அடிப்பது) அடித்து ரோமாவை ஜெயிக்க வைத்தார். சக வீரர்கள் ஓடிவந்து கட்டிப்பிடித்துக் குதிக்கிறார்கள். நடுவில் பாட்டிஸ்டுட்டா மட்டும் கண் கலங்கி நிற்கிறார்.