330 என்றால் மூவாயிரம் சிசி அல்ல

மலேசியாவில் யூஸ்டு பிஎம்டபிள்யூ 330 எதுவானாலும் சாலை வரி வருடம் இரண்டாயிரம் வெள்ளிக்கு மேல் என்று ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். 2,996 சிசி எஞ்சினோடு வந்த பழைய இ90 தலைமுறை 330 என்றால் அவர் சொல்வது சரி, 2,120 வெள்ளி. 2019இல் இங்கே வந்த ஜி20 தலைமுறை அப்படி இல்லை. பின்னால் 330 என்றுதான் ஒட்டியிருக்கும், எஞ்சின் 1,998 சிசி. தீபகற்பத்தில் சொந்தப் பெயரில் இருக்கும் செடானுக்கு, 1,800 சிசியைத் தாண்டி 2,000 வரை என்றால் 280 வெள்ளி, 1,800க்கு மேலே உள்ள ஒவ்வொரு சிசிக்கும் 50 காசு. ஆக 379 வெள்ளி.

சுங்கை சிப்புட்டில் என் நண்பர் 330 என்ற அந்த எண்ணைப் பார்த்தே திரும்பி வந்துவிட்டார், பாவம். கிராண்டை, அதாவது வாகன உரிமைப் பத்திரத்தை, வாங்கி எஞ்சின் சிசி போட்டிருக்கும் இடத்தைப் பாருங்கள். அப்புறம் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) கட்டண அட்டவணையோடு நீங்களே கணக்குப் போடலாம்.